பினாங்கு ஜார்ஜ் டவுன்: ஒரு ராத்திரிக்கு ஒரு தெரு

பினாங்குக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் நிலவைப் பாருங்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் மூவருக்குமே இங்கே விழா நாளைக் குறித்துக் கொடுப்பது அதுதான். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும். சீனப் பெருநாள் அமாவாசையில் பிறந்து, பதினைந்தாம் நாள் பௌர்ணமியில் முடியும். நோன்பு பிறை கண்டு தொடங்கும். ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். அதனால் "போன வருஷம் இந்தத் தேதியில்தானே இருந்தது" என்ற கணக்கு இந்த ஊரில் செல்லாது.

நான் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு சேலைக்கடையில் வேலை பார்க்கிறேன். கோலாலம்பூர், சிங்கப்பூர், மதுரை, காரைக்குடி என்று எங்கிருந்து வந்தாலும், சேலையை மடித்துப் பையில் போடும்போது கேட்பது ஒன்றுதான்: "அக்கா, சாயங்காலம் எங்கே போகலாம்?" அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு ராத்திரிக்கு ஒரு தெரு போதும். அங்கேயே நில்லுங்கள், சாப்பிடுங்கள், நேரமாகும் வரை இருங்கள். இங்கே ஒரே தெரு காலையில் மளிகைக்கடை, மாலையில் சாலையோர ஒட்டுக்கடை, நள்ளிரவில் சோற்றுக்கடை. மூன்றையும் பார்க்காமல் அடுத்த தெருவுக்கு ஓடினால் எந்தத் தெருவையும் பார்த்ததாகாது.

நாள் பார்ப்பது

ஒரே பயணத்தில் இரண்டு விழாவைப் பிடிக்க வேண்டுமென்றால் தமிழ் நாட்காட்டியையும் சீன நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025-ல் தைப்பூசம் பிப்ரவரி 11. சீனப் பெருநாளின் கடைசி இரவான 'சப் கோ மே' மறுநாளே வந்தது. 2026-ல் தைப்பூசம் பிப்ரவரி 1, சீனப் பெருநாள் பிப்ரவரி 17. நடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி. நம் நவராத்திரியும் சீனர்களின் ஒன்பது பேரரசர் விழாவும் அப்படித்தான். 2024-ல் இரண்டும் அக்டோபர் 3 அன்று ஒன்றாகத் தொடங்கின. 2025-ல் சீன நாட்காட்டியில் ஒரு அதிக மாதம் வந்ததால் நவராத்திரி செப்டம்பரிலேயே தொடங்கிவிட, அவர்களுடையது அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போனது.

நிலவோடு நகராத நாள் ஒன்று உண்டு. 2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றன. பினாங்கில் அந்த நாள் பொது விடுமுறை. அதை ஒட்டி மரபுக் கொண்டாட்டம் நடக்கும். பிறகு ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் 2010-ல் தொடங்கிய ஜார்ஜ் டவுன் கலைவிழா. கூட்ட நெரிசல் ஒத்துக்கொள்ளாதவர்கள், வயதான அம்மா அப்பாவோடு வருகிறவர்கள், ஜூலையைத் தேர்ந்தெடுங்கள்.

தைப்பூசம்

முதல்முறை வருகிறவர்கள் நேராக முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போய்விடுகிறார்கள். மலைக்கு மறுநாள் போகலாம். முதல் நாள் தேரைப் பாருங்கள். பூசத்துக்கு முந்தின நாள் விடிகாலையில் இரண்டு தேர்கள் புறப்படும். பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளித் தேர், முருகனை ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலை அடிவாரத்திலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போகும். அது 1894-ல் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த தேர். இன்னொன்று 2017-ல் முதன்முதலாக ஓடிய தங்கத் தேர். அது குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வேலாயுதத்தை ஏற்றிக்கொண்டு மலைக்கோயிலுக்குப் போகும். கோவில் வீட்டு வாசலில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஐந்து மணிக்கே வந்து நின்றுவிடுங்கள். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் மல்லிகைச் சரம் மளமளவென்று விற்கும், காப்பியும் கிடைக்கும்.

ஆனால் நான் நிற்கச் சொல்லும் இடம் டத்தோ கிராமாட் சாலை. அங்கே சாலையோரம் தேங்காய்கள் குன்று குன்றாகக் குவிந்திருக்கும். குவித்து வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் சீனர்கள். வியாபாரம் நடக்க வேண்டும், பிள்ளை தேற வேண்டும், நோய் தீர வேண்டும் என்று நம்மைப் போலவே வேண்டிக்கொண்டு, தேர் நெருங்கும்போது குடும்பத்தோடு நின்று நூற்றுக்கணக்கில் உடைப்பார்கள். உடைத்து முடித்ததும் மண்வெட்டியோடு ஆட்கள் இறங்கி ஓடுகளை வாரி ஒதுக்குவார்கள். அதன் பிறகுதான் தேர் நகரும். தமிழ்நாட்டிலிருந்து வந்த என் அத்தை மகள் இதைப் பார்த்துக் கண்கலங்கிப் போனாள். "நம்ம சாமிக்கு இவங்க ஏன்டி இவ்வளவு செய்றாங்க?" என்றாள். பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் அவள் கையில் இரண்டு தேங்காயைக் கொடுத்து, "நீயும் உடை" என்று மலாயில் சொன்னார். யாராவது உங்களிடம் அப்படி நீட்டினால் தயங்காமல் வாங்கி உடையுங்கள்.

இங்கே மூடிய காலணி அவசியம். சாலை முழுக்கத் தேங்காய்த் தண்ணீரும் ஓட்டுச் சில்லும் கிடக்கும். செருப்புப் போட்டு வந்தால் வழுக்கும், கிழிக்கும். சின்னப் பிள்ளைகளை உடைக்கும் இடத்திலிருந்து நாலைந்து அடி பின்னால் நிறுத்துங்கள். சில்லு கண் உயரத்துக்கு எகிறும். பூசத்தன்று மலை ஏறும்போது இதற்கு நேர்மாறாகக் கழற்ற எளிதான செருப்பு போதும். 513 படிகள். அதிகாலையில் ஏறுங்கள், அல்லது மாலை ஐந்துக்கு மேல். நடுப்பகலில் படியின் சூடு தாங்காது.

வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும். மோர், சோறு, இனிப்பு எல்லாம் இலவசம். பணம் நீட்டாதீர்கள், உண்டியல் இருந்தால் அதில் போடுங்கள், இல்லையென்றால் ஒரு வணக்கம். வாங்கியதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவதுதான் அங்கே மரியாதை. காவடி எடுப்பவரைப் படம் பிடிப்பதென்றால் பக்கவாட்டில் நின்று பிடியுங்கள். எதிரே வந்து வழி மறிக்க வேண்டாம். அலகு குத்தும் நேரத்தில் கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். அவர் வீட்டுப் பெண்கள் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருப்பார்கள். அது அந்தக் குடும்பத்தின் நேரம். தேர்கள் பூசத்துக்கு மறுநாள் மாலை திரும்பப் புறப்படும். அன்று கூட்டம் குறைவு. முதியவர்களுக்கு அர்ச்சனைத் தட்டோடு நிம்மதியாக நிற்க அந்த இரவே நல்லது.

கடலோரமாக ஒன்று வேண்டுமென்றால் மாசி மகத்துக்கு வாருங்கள். தெலுக் பகாங் சிங்கமுக காளியம்மன் கோயிலில் தெப்பம் கடலில் இறங்கும். வெளியூர்க்காரர்கள் அதிகம் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த வீட்டு விழா

விருந்தாளியாகப் போனால் எந்த விழாவிலும் இடம் கிடைக்கும். ஆயிர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஹொக்கியன் சீனர். அவர்கள் கூட்டத்துக்குச் சீனப் பெருநாளின் முதல் நாளைவிட ஒன்பதாம் நாள்தான் பெரிது. ஒரு காலத்தில் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அதனால் ஒன்பதாம் நாளன்று வான் அரசருக்கு நன்றி சொல்லிக் கும்பிடும் மேசையின் இருபுறமும் தோகையோடு கரும்பு கட்டுவார்கள். நம் பொங்கல் கரும்பு போலவேதான் நிற்கும். இதைப் பார்க்க எட்டாம் நாள் இரவு வெல்ட் கீயில் இருக்கும் சியூ ஜெட்டிக்குப் போங்கள். கடல்மேல் மரக்கால் ஊன்றிக் கட்டிய குடியிருப்பு அது. முகப்பில் நீள நீளமாக மேசை போட்டுப் படையல் வைத்திருப்பார்கள். பத்து மணிக்குப் போனால் நிற்க இடம் கிடைக்கும். நள்ளிரவில் பொற்தாள்களைக் கொளுத்துவார்கள். படையலைத் தொடாதீர்கள். கருப்பு உடை வேண்டாம், சிவப்போ இளஞ்சிவப்போ போட்டுப் போனால் சந்தோஷப்படுவார்கள். பலகைப் பாதையின் இருபுறமும் இருப்பவை குடும்பங்கள் வாழும் வீடுகள். திறந்த கதவுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

சப் கோ மே இரவில் எஸ்பிளனேட் கடற்கரையில் பெண்கள் நல்ல கணவன் வேண்டிக் கடலில் ஆரஞ்சுப் பழம் எறிவார்கள். கலகலப்பான கூட்டம். கல்லூரிப் பெண்களோடு வருகிறவர்களுக்கு ஏற்ற இரவு.

பேய் மாதம் என்று இங்கே சொல்லும் ஏழாம் சீன மாதத்தைப் பயந்து தவிர்க்காதீர்கள். நாம் ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குக் கொடுப்பதை அவர்கள் ஒரு மாதம் முழுக்கக் கொடுக்கிறார்கள். 2024-ல் ஆடி அமாவாசையன்றே அவர்களுடைய மாதமும் பிறந்தது. பினாங்கில் ஒவ்வொரு பேட்டையும் ஒவ்வொரு இரவில் எடுப்பதால் மாதம் முழுக்க எங்காவது ஒரு சந்தையிலோ சந்திலோ மேடை இருக்கும். ஹொக்கியன் பொம்மலாட்டம், சீனத் தெருக்கூத்து, மின்விளக்கு ஜொலிக்கும் 'கோ தாய்' பாட்டுக் கச்சேரி எல்லாமே இலவசம். தேடுவதற்குச் செயலி தேவையில்லை. காப்பிக்கடையில் கேளுங்கள், "இன்றைக்கு எந்தப் பக்கம்?" என்று. முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தால் அங்கே உட்காரக் கூடாது. அது இறந்தவர்களுக்கு விட்டது. சாலையோரம் எரிந்த ஊதுவத்தி, சோறு, பழம் வைத்திருப்பதை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். விழாவின் காவலராக வைத்திருக்கும் தாய் சூ யாவின் பெரிய காகித உருவத்தைக் கடைசியில் எரிப்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என் முதல் தேர்வு ஒன்பது பேரரசர் விழா. ஒன்பதாம் சீன மாதத்தின் முதல் ஒன்பது நாளும் கோயில்களைச் சுற்றி மஞ்சள் கொடி கட்டிய கடைகள் முளைக்கும். மற்ற நாளில் நாம் வாயில் வைக்க முடியாத குவே தியாவ், லக்சா நூடுல்ஸ் எல்லாம் அந்த நாட்களில் சைவமாகக் கிடைக்கும். வெங்காயம், பூண்டுகூட இருக்காது. என் மாமியார் வருஷம் முழுக்கக் காத்திருந்து சாப்பிடுவது அப்போதுதான். கடைசி இரவில் வெள்ளை உடுத்தியவர்கள் ஊர்வலமாகக் கடலுக்குப் போவார்கள்.

நோன்பு மாதத்தில் வந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 1801-ல் தமிழ் முஸ்லிம் வணிகர்களால் எழுந்த பள்ளிவாசல் அது. நாகப்பட்டினம், காயல்பட்டினம் பக்கத்துக் கஞ்சியின் உறவு இந்தக் கஞ்சி. மாலை நான்கு மணிக்கு மேல் ரமலான் சந்தைகள் கூடும். வாங்கலாம். ஆனால் பாங்கு சொல்லும் வரை பொறுத்து, அவர்களோடு சேர்ந்து வாயில் வையுங்கள்.

ராத்திரிச் சாப்பாடு

பினாங்கில் இரவு வாழ்க்கை என்றால் முதலில் சாப்பாடு, பிறகுதான் மற்றதெல்லாம். சூலியா ஸ்ட்ரீட்டில் இருட்டும்போது தள்ளுவண்டிகள் வரிசை கட்டும். கிம்பர்லி ஸ்ட்ரீட், நியூ லேன் இரண்டும் அதே போல. பலகையில் 'லெபு', 'ஜாலான்', 'லோரோங்' என்று மலாயில் எழுதியிருக்கும். வாயில் எல்லாரும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காப்பிக்கடையில் ஒழுங்கு இப்படி. முதலில் மேசை பிடியுங்கள். கடைக்காரர் வந்து கேட்கும்போது ஆளுக்கு ஒரு பானம் சொல்லுங்கள். அவர் பிழைப்பு அதில்தான். பிறகு எழுந்து போய் ஒவ்வொரு வண்டியிலும் தனித்தனியாகச் சொல்லி, மேசையைக் கைகாட்டிவிட்டு வாருங்கள். தட்டு வரும்போது அந்தந்த ஆளிடம் காசு கொடுங்கள். சில்லறை வெள்ளி (ரிங்கிட்) கையில் வைத்திருப்பது எல்லாருக்கும் உதவி. சீனர் கடைச் சார் குவே தியாவில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு சேரும், மட்டியும் இறாலும் இருக்கும். ஆசாம் லக்சா மீன் குழம்பு. மாட்டிறைச்சி, பன்றி விலக்குகிறவர்கள் தயங்காமல் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மீன், இறைச்சி எதுவும் வேண்டாம் என்றால் பாசெம்போர் கடைக்குப் போய் வடை, வெள்ளரி, சர்க்கரைவள்ளிக் குழம்பு மட்டும் எடுங்கள். இறால், நண்டு போட்ட துண்டுகளை நீங்களே ஒதுக்கலாம். முழுச் சைவம் என்றால் எங்கள் தெருவிலேயே சைவக் கடைகள் உண்டு. கெங் குவீ சந்தில் ஒரு கிண்ணம் செண்டோல், தேங்காய்ப்பாலும் பனைவெல்லமுமாக, எல்லாரும் குடிக்கலாம்.

நாசி கண்டாரைக் கடைசிக்கு வையுங்கள். துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடித்தண்டு போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாகச் சுமந்து விற்ற சாப்பாடு அது. கேம்பல் ஸ்ட்ரீட்டில் ஹமீதியா 1907-லிருந்து இருக்கிறது. ஆனால் இரவுக்கு நான் அனுப்புவது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டிய பெராத்தூர் கடைக்கு. திறக்கும் முன்பே வரிசை நிற்கும். வரிசையில் நிற்கும்போதே தட்டுகளைப் பார்த்து முடிவு செய்துவிடுங்கள், முன்னால் போய் யோசித்தால் பின்னால் இருப்பவர்கள் பசியோடு நிற்பார்கள். "அண்ணே, கோழி, வெண்டைக்காய், முட்டை, குழம்பு கலந்து" என்று தமிழிலேயே சொல்லலாம். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவதில்தான் ருசி. சோறு மூழ்க வேண்டுமென்றால் "பாஞ்சிர்" என்று சொல்லுங்கள். பெரிய இறால், மீன்தலை, சினைக் கணவாய் மூன்றுக்கும் விலையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் தட்டே உங்கள் மொத்தக் கணக்கையும் மாற்றிவிடும்.

மது அருந்துகிறவர்களுக்கு லவ் லேனும் சூலியா ஸ்ட்ரீட்டும். சின்னச் சின்னக் கடைகள். வாரக் கடைசியில் நேரடிப் பாட்டு இருக்கும். தனியாக வரும் பெண்களுக்கு ஒன்று: கைப்பையைச் சுவர்ப்பக்கத் தோளில் மாட்டுங்கள், மோட்டார் சைக்கிளில் பறிப்பவர்கள் சாலைப்பக்கம்தான் வருவார்கள். பன்னிரண்டுக்கு மேல் நடக்காமல் கிராப் செயலியில் கார் கூப்பிடுங்கள்.

கலைக்கு ஒரு பகல்

சுவரோவியங்களைக் காலை ஏழரை மணிக்கு முன் பாருங்கள். லிதுவேனியக் கலைஞர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் 2012 கலைவிழாவுக்காக வரைந்தவைதான் பெயர் பெற்றவை. ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் நிஜச் சைக்கிளில் அமர்ந்த இரண்டு பிள்ளைகள், ஆ குவீ ஸ்ட்ரீட்டில் மோட்டார் சைக்கிள் பையன். வெயில் ஏறிவிட்டால் படமெடுக்க வரிசை நிற்க வேண்டும். எனக்கு அவற்றைவிடப் பிடித்தவை சுவர்களில் பொருத்திய இரும்புக்கம்பிச் சித்திரங்கள். அந்தந்தத் தெருவில் யார் வாழ்ந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை ஹின் பஸ் டிப்போவுக்குப் போங்கள். பழைய பேருந்துப் பணிமனை; இப்போது ஓவியக்கூடம். முற்றத்தில் இளம் கலைஞர்கள் தாங்களே செய்ததை விற்பார்கள். மேடை நாடகம், இசைக்கு ஸ்ட்ரேய்ட்ஸ் கீயில் இருக்கும் பினாங்பாக் (penangpac), நகரத்தில் டேவான் ஸ்ரீ பினாங். போரியா நடக்கிறது என்று கேள்விப்பட்டால் வேறு திட்டத்தைத் தள்ளிவையுங்கள். ஒருவர் முன்னே நின்று பாட, வண்ண உடையில் ஒரு குழு ஆடிக்கொண்டே திருப்பிப் பாடும் பினாங்கு மலாய்க் கலை அது. மதராஸ் படையினரோடு வந்த முஹர்ரம் ஊர்வலங்களில் வேர்விட்டது என்பார்கள்.

பகலில் நேரம் மிஞ்சினால் கப்பித்தான் கிளிங் சாலையை ஒரு முனையிலிருந்து நடந்து முடியுங்கள். 1818-ல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் இன் கோயில், பின்பக்கத் தெருவில் 1833-ன் மாரியம்மன் கோயில், பள்ளிவாசல் என்று எல்லாமே சில நிமிட நடையில். தோளும் முழங்காலும் மூடிய உடை நான்குக்கும் சரியாக இருக்கும்.

தங்குவதற்கு மரபுப் பகுதிக்குள்ளேயே, கொம்தார் கோபுரத்துக்கும் வெல்ட் கீக்கும் நடுவில் அறை எடுங்கள். அந்த வட்டத்தில் கேட் (CAT) என்ற இலவசப் பேருந்து ஓடுகிறது. தைப்பூசத்தன்று தேர் போகும் சாலைகள் மூடப்படும். கடற்கரை ஓட்டல் எடுத்தவர்கள் அன்று கிராப் கிடைக்காமல் திண்டாடுவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். ஊர் திரும்ப ரயில் என்றால் பாலத்து நெரிசல் வேண்டாம். வெல்ட் கீயிலிருந்து படகில் பட்டர்வொர்த் போனால் ரயில் நிலையம் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோலாலம்பூர் ரயிலுக்கு டிக்கெட்டை, அறை எடுக்கும் அன்றே எடுத்துவிடுங்கள். தைப்பூச வாரத்திலும் சீனப் பெருநாள் வாரத்திலும் கடைசி நேரத்தில் இடம் இருக்காது.